மகளுக்கு 150 டிகிரி: ராத்திரி விளக்கா, வெயில் காணாததா?

செங்காங்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தவள், எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகள் இந்த வருடம் தொடக்கநிலை ஒன்று. பள்ளியில் கண் பரிசோதனை செய்துவிட்டு ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அது பையின் அடியில் தண்ணீர் பாட்டிலோடு கிடந்து, நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி ஆகி, நாலு நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. உடனே பக்கத்துக் கடைத்தொகுதியில் இருக்கிற கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பையன் இயந்திரத்தில் பார்த்துவிட்டு "இடது 125, வலது 150" என்றான். சிங்கப்பூருக்கு வந்து ஒன்பது வருடமாகியும் இந்த டிகிரிக் கணக்கு எனக்குத் தெரியாது. நூற்றைம்பதா என்று வயிற்றைப் பிசைந்துவிட்டது. ஊரில் மைனஸ் ஒன்றரை என்பதைத்தான் இங்கே 150 என்கிறார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. புரிந்தும் நிம்மதி வரவில்லை. ஏழு வயதுக்கு ஒன்றரை என்றால் பதினேழு வயதில் எவ்வளவு?

வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். குழந்தையிலிருந்து முயல் பொம்மை மாதிரி ஒரு ராத்திரி விளக்கை எரியவிட்டுத் தூங்க வைத்தோமே, அதுதான் கண்ணைக் கெடுத்தது என்கிறார். எப்போதோ பேப்பரில் படித்தாராம். கணவர் ஐபேடைக் குற்றம் சொல்கிறார் (வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்). கண்ணாடிக் கடையில் நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸும், "கண்ணுக்கு இதமான" மேசை விளக்கு ஒன்றும் வாங்கச் சொன்னார்கள். விளக்கு மட்டும் 280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). "பிள்ளைக்கு வெளிச்சம் பத்தவில்லை" என்று சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் அது உண்மை மாதிரி இருக்கிறது. அவள் பள்ளி பஸ் ஏறுவது 6.40க்கு, இருட்டு விலகியிருக்காது. பள்ளி முடிந்ததும் மாணவர் பராமரிப்பு நிலையம். நான் வேலை முடிந்து கூட்டிவரும்போது ஏழு ஏழேகால். சனிக்கிழமை துணைப்பாடம், ஞாயிற்றுக்கிழமை கடைத்தொகுதி. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், வாரத்துக்கு மூன்று மணி நேரம் வெயிலைப் பார்த்தால் அதிகம். பூமத்திய ரேகையில் உட்கார்ந்துகொண்டு!

நான் கேட்க வந்தது: அந்த முயல் விளக்கு நிஜமாகவே காரணமா? வெளிச்சம்தான் வேண்டுமென்றால் 280 வெள்ளி விளக்கு அந்த வேலையைச் செய்யுமா? ஜன்னலோரமாக மேசையைப் போட்டால் போதுமா? சின்னவன் ஒருவன் இருக்கிறான், நாலு வயது. அவனுக்கு இன்னும் ஒன்றும் இல்லை, அதனால் அவனைப் பற்றிக் கவலை இல்லை.

பழைய_வாத்தியார்

அம்மா, நான் மன்னார்குடிப் பக்கம். எழுபத்தோரு வயது. எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்ததே நான் எட்டாவது படிக்கும்போது. அதுவரை அரிக்கேன் விளக்குதான், அதுவும் மூன்று பேருக்கு ஒன்று. சிம்னியில் கரி பிடித்தால் துடைக்க வேண்டியது என் முறை. அந்த வெளிச்சத்தில் படித்தும் போன வருடம் கண்புரை ஆபரேஷன் ஆகும்வரை நான் கண்ணாடி போட்டது வெள்ளெழுத்துக்கு மட்டும்தான். வெளிச்சம் பத்தாததால் கண் கெடும் என்பதெல்லாம் விளக்கு விற்கிறவன் கதை.

செல்போனைப் பிடுங்கி வையுங்கள். பொன்னாங்கண்ணிக் கீரை வாரம் இரண்டு நாள். சரியாகிவிடும்.

கண்ணாடிக்காரி

தங்கச்சி, நான் இங்கே ஒரு பேட்டைக் கடையில் பதினேழு வருடமாகக் கண் பரிசோதகர். என் கண் மைனஸ் ஏழரை, அதாவது இந்த ஊர்க் கணக்கில் 750. ஆக இது எனக்கு வேலையும்தான், சொந்தக் கோபமும்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 150ஐ அப்படியே நம்பாதீர்கள். இயந்திரத்துக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு நீளமான சாலை, அதன் முடிவில் ஒரு பலூன் தெரியும், இல்லையா? அந்தப் பலூன் உண்மையில் முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று குழந்தையின் கண்ணுக்குத் தெரியும். இறுக்கிப் பிடித்துப் பார்க்கும். அந்த இறுக்கம் மைனஸாக ஏறிவிடும். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்து, கண்ணுக்குள் இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்த பிறகு பார்ப்பதுதான் கணக்கு. என் கடையில் இயந்திரம் 150 காட்டி, ஆஸ்பத்திரியில் சொட்டு விட்டபின் 75 ஆன பிள்ளைகள் உண்டு. பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் கடிதம் வாங்கிக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள், கட்டணமும் குறையும். கண்ணாடி அதற்குப் பிறகு.

இரண்டாவது, முயல். உங்கள் மாமியார் இல்லாததைச் சொல்லவில்லை. 1999இல் நேச்சர் இதழில் பிலடெல்பியாவிலிருந்து அப்படி ஒரு கட்டுரை வந்தது. இரண்டு வயதுக்குள் இருட்டில் தூங்கிய பிள்ளைகளில் 10 சதவீதம் பேருக்குப் பிற்பாடு கிட்டப்பார்வை, சின்ன விளக்கோடு தூங்கியவர்களில் 34, அறை விளக்கே எரியத் தூங்கியவர்களில் 55. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அடுத்த வருடமே அதே இதழில் வேறு இரண்டு குழுக்கள் "நாங்கள் பார்த்ததில் அப்படி எதுவும் இல்லை" என்று எழுதின. அவர்கள் கவனித்த இன்னொன்று: பிள்ளையின் அறையில் விளக்கை எரியவிடுகிறவர்களில் கிட்டப்பார்வைக்கார அப்பா அம்மா அதிகம். ராத்திரி இருட்டில் கண்ணாடியைத் தடவித் தேடுகிற கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் விளக்கை அணைக்க மாட்டேன். பிள்ளைக்குக் கண் வந்தது அப்பா அம்மாவிடமிருந்து, பழி விழுந்தது விளக்கின் மேல். முயலை விட்டுவிடுங்கள், பாவம்.

ஆனால் வெளிச்சத்துக்கும் கண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தொடர்பு இருக்கிறது, ராத்திரியில் இல்லை, பகலில்.

ஆஸ்திரேலியாவில் கேத்ரின் ரோஸ், இயன் மார்கன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். 2008இல் அவர்கள் குழுவின் ஆய்வு ஒன்று வந்தது. சிட்னியில் வளரும் சீன வம்சாவளிப் பிள்ளைகள், நம் சிங்கப்பூரில் வளரும் சீனப் பிள்ளைகள், இரண்டு பக்கமும் ஆறேழு வயது. அப்பா அம்மாவின் கிட்டப்பார்வையும் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3. சிட்னிப் பிள்ளைகள் புத்தகமே தொடாதவர்களோ என்றால், இங்கிருப்பவர்களைவிட அதிகமாகப் படித்தார்கள்! பெரிய வித்தியாசம் ஒன்றில்தான்: சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், இங்கே 3.05 மணி. நீங்கள் விரல்விட்டு எண்ணினீர்களே, அதே மூன்று மணி.

சீனர்களுக்குத்தானே, நமக்கென்ன என்று கடைக்கு வரும் நம் ஆட்கள் சொல்வார்கள். இங்கே தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணி) போகும் பையன்களைப் பரிசோதித்து 2001இல் வெளியிட்டார்கள். சீனப் பையன்களில் 82 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, இந்தியப் பையன்களில் 69 சதவீதம். ஊரில் இருக்கும் நம் சொந்தக்காரப் பையன்களில் பத்துக்கு ஏழு பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்களா? ரத்தம் அதேதான். ஊர் மாறியிருக்கிறது, பகல்பொழுது கழிகிற இடம் மாறியிருக்கிறது.

ஏன் என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக 17 மில்லிமீட்டருக்குப் பக்கம், வளர்ந்தவருக்கு 24. இந்த ஏழு மில்லிமீட்டரைக் கண் கண்ணை மூடிக்கொண்டு வளர்வதில்லை. விழித்திரையில் விழும் பிம்பத்தைப் பார்த்துப் பார்த்து, தையற்காரர் அளவு வைத்து வெட்டுவது மாதிரி, எங்கே நிறுத்துவது என்று தானே முடிவு செய்கிறது. நிறுத்தாமல் நீண்டுவிட்டால் கிட்டப்பார்வை. ஒரே ஒரு மில்லிமீட்டர் அதிகமானால் 250, 300 டிகிரி ஏறிவிடும். அந்த "போதும், நிறுத்து" என்கிற சேதியில் டோபமின் என்கிற ரசாயனத்துக்குப் பங்கு இருக்கிறது. பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் விழித்திரை அதைச் சுரக்கும்.

ஜெர்மனியில் டூபிங்கன் ஊரில் ஷேஃபல் என்பவரின் கூடத்தில் கோழிக்குஞ்சுகளை வைத்துப் பார்த்தார்கள். குஞ்சின் கண்ணுக்கு மேல் மங்கலான மூடி போட்டால் கண் கண்டபடி நீளும், அது முன்பே தெரிந்த விஷயம். அந்த மூடியோடேயே 15,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் கீழே தினமும் சில மணி நேரம் விட்டபோது நீளுவது பாதிக்கும் மேல் குறைந்தது. டோபமினைத் தடுக்கும் மருந்தைக் கண்ணில் ஏற்றியதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. மனிதப் பிள்ளைகளிலும் இதே வழிதான் என்று யாரும் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் இந்தக் கதை மற்றதோடெல்லாம் பொருந்துகிறது.

இப்போது உங்கள் 280 வெள்ளி விளக்கு. வீட்டு வரவேற்பறையில் 100லிருந்து 300 லக்ஸ் இருக்கும், நல்ல வகுப்பறையில் 500. நண்பகல் வெயில் ஒரு லட்சம். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த ஆயிரம் மடங்கு வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை, அதுதான் பிரச்சினையே. மேசை விளக்கு தாளை வெளிச்சமாக்கும். கண்ணுக்குள் போவது அதில் கொஞ்சம்தான். இருட்டில் படிக்காமலிருக்க ஒரு விளக்கு வேண்டும், அதற்கு 30 வெள்ளி விளக்கு போதும். நீல ஒளி லென்ஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் கடையிலும் விற்கிறோம். என் மகனுக்கு நான் போடவில்லை.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அரிக்கேன் விளக்கை நான் நம்புகிறேன். அந்த விளக்கில் ஒன்றரை மணி நேரம் படித்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் நடந்தீர்கள், ஆற்றில் எவ்வளவு நேரம் கிடந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. கரும்பலகை தெரியாமல் மக்கு என்று பெயர் வாங்கிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் உங்கள் வகுப்பில் இருந்திருப்பார்கள். யாரும் அவர்களைப் பரிசோதிக்கவில்லை. நான் அந்த பெஞ்சிலிருந்து வந்தவள். எனக்கு ஆறாம் வகுப்பில்தான் கண்ணாடி வந்தது, அன்றைக்குத்தான் வேப்பமரத்தில் தனித்தனியாக இலை இருப்பதைப் பார்த்தேன்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. "சின்னவனுக்கு இன்னும் ஒன்றும் இல்லை, அதனால் கவலை இல்லை." தங்கச்சி, வெயில் அதிகம் உதவப்போவது அவனுக்குத்தான். வெளியில் இருப்பது கிட்டப்பார்வை வராமல் தடுக்கிறது, அல்லது தள்ளிப்போடுகிறது. வந்துவிட்ட கண்ணில் ஏறுவதை மெதுவாக்குகிறதா என்றால் ஆதாரம் பலவீனம். மகளுக்கு ஏறுவதை மெதுவாக்க மருத்துவர் அட்ரோபின் என்கிற சொட்டு மருந்து, விசேஷ லென்ஸ் என்று ஏதாவது சொல்வார், அதைக் கேளுங்கள். அவளையும் வெளியே விடுங்கள்தான். ஆனால் நாலு வயதில் ஒரு பையன், கண் இன்னும் கெடாமல், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான். நான் முதலில் தூக்கிக்கொண்டு கீழே போவது அவனை.

என் மூத்தவனுக்கு நான் இதைச் செய்யவில்லை. கண் பரிசோதகர் வீட்டிலேயே தெரியாமல் போயிற்று. அவன் இப்போது 425.

செங்காங்_அம்மா

அக்கா, அந்தக் கடைசிப் பத்தியைக் கணவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் வீட்டில் யாரும் பேசவில்லை. மாமியாரிடம் முயலைப் பற்றிச் சொன்னேன். "பேப்பர்ல போட்டிருந்தானே" என்றார்.

நேற்று போனில் லக்ஸ் பார்க்கும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு புளோக் முழுக்க அலைந்தேன். காவலர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். சாயங்காலம் 5 மணி, வானம் தெளிவு. சாப்பாட்டு மேசை, டியூப்லைட் போட்டு: 190. ஜன்னல் கம்பியை ஒட்டி நின்றால் 2,100, அங்கிருந்து இரண்டு எட்டு பின்னால் வந்தால் 480! மேசையைப் போட நினைத்திருந்த இடம் அந்த இரண்டு எட்டு பின்னால்தான். புளோக்கின் கீழ்த்தளத்தில் நடுவில், தாத்தாக்கள் சதுரங்கம் ஆடுகிற இடத்தில் 650. வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் 9,400. விளையாட்டுத் திடலில் 38,000. எண்ணைப் பார்த்துவிட்டுப் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

மரத்தடி நிழலே போதுமா அக்கா? திடலில் விட்டால் கருத்துப்போவான் என்று மாமியார் இப்போதே ஆரம்பித்துவிட்டார். தொப்பி போடலாமா, அல்லது தொப்பி போட்டால் வெளிச்சம் போகாமல் பாழாகிவிடுமா?

சிஞ்சுக்_காற்று

தைவானிலிருந்து ஒரு குரல். சிஞ்சு நகரத்தில் ஆராய்ச்சி மாணவனாக வந்தேன், இப்போது வேலை. இந்த ஊர்க் காற்றில் தொப்பியே தலையில் நிற்காது, அதனால் தொப்பிக் கேள்வியை அக்காவுக்கு விடுகிறேன்.

என் மகள் இங்கே பாலர் பள்ளியில் படிக்கிறாள். சேர்ந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. எப்போது பார்த்தாலும் பிள்ளைகளை வெளியே விரட்டுகிறார்கள். எழுத்து சொல்லித்தரும் நேரத்தைவிட மணலில் இருக்கும் நேரம் அதிகம். கேட்டதற்கு ஆசிரியை "கண்" என்றார், தன் கண்ணைத் தொட்டுக் காட்டி. என் சீன மொழி அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் தேடிப் படித்தேன். 2010இலிருந்து இங்கே பள்ளிகளில் தினமும் 120 நிமிடம் வெளியில் என்று ஒரு திட்டம் நடக்கிறது. பின்னணியில் கௌசியுங் நகரத்துக் கண் மருத்துவர் வூ பெய்-சாங். அவர் முதலில் செய்தது ரொம்ப எளிது: இடைவேளை மணி அடித்ததும் வகுப்பறையைக் காலி செய்ய வைத்தார். ஒரு வருடம் கழித்து அந்தப் பள்ளியில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 8.4 சதவீதம், பக்கத்தில் வழக்கம்போல நடந்த பள்ளியில் 17.65. தைவானில் பல வருடமாக ஏறிக்கொண்டே போன பார்வைக்குறைவு, திட்டம் வந்த பிறகு இறங்க ஆரம்பித்தது: 2012இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் 49.4 சதவீதம், 2015இல் 46.1. பார்க்கச் சின்ன இறக்கம். அதுவரை இறங்கியதே இல்லை என்பதுதான் விஷயம்.

உங்கள் சின்னவன் வயதுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று: யீலான் மாவட்டத்தில் 2014இலிருந்து பாலர் பள்ளிகளிலேயே ஆரம்பித்தார்கள். ஐந்தாறு வயதில் கிட்டப்பார்வை 15.5 சதவீதமாக இருந்தது, இரண்டு வருடத்தில் 8.4.

இவ்வளவு சொன்னபின் ஒரு சந்தேகம் எனக்கும். நண்பர் ஒருவர் சீனாவிலிருந்து சிவப்பு ஒளிக் கருவி ஒன்றை வரவழைத்திருக்கிறார். காலையும் மாலையும் மூன்று மூன்று நிமிடம் பிள்ளை அதற்குள் பார்க்க வேண்டுமாம். வெளியே போகவே வேண்டாமாம். இது என்ன சமாச்சாரம்?

பழைய_வாத்தியார்

அம்மணி கேட்டதால் சொல்கிறேன். பள்ளிக்கூடம் மூன்று மைல். ஆற்றங்கரை வழியாகப் போனால் மூன்றரை. நாங்கள் எப்போதும் ஆற்றங்கரை வழிதான்.

கடைசி பெஞ்சு விஷயம் இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. முப்பத்து நாலு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதியதற்காக நான் காதைத் திருகிய பிள்ளைகளில் ஒருவன் முகம் நினைவுக்கு வருகிறது. கண்ணை இடுக்கிக்கொண்டே நிற்பான். திமிர் என்று நினைத்தேன்.

கீரையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கண்ணாடிக்காரி

ஐயா, கீரை இருக்கட்டும். கண்ணின் நீளத்தை அது ஒன்றும் செய்யாது, உடம்புக்கு நல்லது.

சிஞ்சுத் தம்பி, அந்தக் கருவியைத் தொட வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்கள். கண் நீளுவதை அது மெதுவாக்கியதாகச் சீனாவில் ஆய்வுகள் வந்தது உண்மைதான். 2023இல் அதே சிகிச்சை எடுத்துக்கொண்ட 12 வயதுச் சிறுமிக்கு விழித்திரை சேதமானதை மருத்துவ இதழில் போட்டதும் உண்மை. மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் பெட்டியைப் பிரித்துப் பிள்ளையை லேசருக்குள் பார்க்க வைக்கிற வேலை இல்லை இது.

செங்காங் தங்கச்சி, போன் ஆப் சரியான எண் காட்டாது, ஆனால் பத்து மடங்கு வித்தியாசத்தை மறைக்கவும் முடியாது. அளக்கும்போது போனைத் தரையில் வைக்காமல் பிள்ளையின் கண் உயரத்தில், பிள்ளை பார்க்கும் திசைக்குப் பிடியுங்கள். வானத்தைப் பார்க்க வைத்தால் எண் கூடிவிடும்.

நிழல் போதும். தம்பி சொன்ன அதே டாக்டர் வூவின் குழு, 2018இல் வந்த ஆய்வில், தொடக்கநிலை ஒன்று பிள்ளைகளின் மேல் ஒளி அளக்கும் கருவியை மாட்டிவிட்டுப் பார்த்தது. 1,000 லக்ஸுக்கு மேல் வாரத்துக்கு 200 நிமிடத்துக்குக் குறையாமல் இருந்தவர்களுக்கே பலன் தெரிந்தது. சுட்டெரிக்கும் வெயில் தேவையில்லை, மரத்தடி, தாழ்வாரம்கூட ஆகும். தொப்பியும் போடுங்கள். இங்கே சிங்கப்பூரிலேயே பிள்ளை அளவு பொம்மைத் தலையை வைத்து, தொப்பி போட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு அளந்திருக்கிறார்கள். அத்தனைக்குப் பிறகும் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கண்ணுக்குப் போனது. சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடாதீர்கள். கருத்துப்போவதற்கு என்னிடம் மருந்து இல்லை. என் அம்மாவும் இதைச் சொல்லித்தான் என்னை வீட்டுக்குள் வைத்திருந்தாள். கல்யாணச் சந்தையில் நிறம் வேண்டும் என்று பார்த்தார்கள், கண்ணாடி வந்து சேர்ந்தது.

எவ்வளவு நேரம் என்றால் தினமும் இரண்டு மணி என்று சொல்வார்கள். ஒரே மூச்சில் வேண்டாம், துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் சரி. இரண்டு மணி முடியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். சீனாவில் குவாங்சௌ நகரத்தில் 12 பள்ளிகளை எடுத்து, அதில் ஆறில் மட்டும் தினமும் கூடுதலாக ஒரே ஒரு 40 நிமிட வகுப்பை வெளியில் வைத்தார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், அந்த வகுப்பு இல்லாத பள்ளிகளில் 39.5. மாயமில்லை, பாருங்கள், நூறில் முப்பது பேருக்கு வந்துதான் இருக்கிறது. ஒன்பது பேருக்கு வரவில்லை. அந்த ஒன்பதில் உங்கள் பையன் இருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓடி ஆட வேண்டும் என்பதுகூட இல்லை. உள்விளையாட்டரங்கத்தில் ஓடினால் கண்ணுக்கு ஒன்றும் சேராது. மரத்தடியில் சும்மா உட்கார்ந்து மண்ணைக் கிளறினால் சேரும்.

செங்காங்_அம்மா

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். 150 இறங்கி 100, 125 இறங்கி 75. ஆனால் கிட்டப்பார்வை இருக்கிறது, அதில் மாற்றமில்லை. ராத்திரி தூங்கப்போகும்முன் அட்ரோபின் ஒரு சொட்டு. அவள் சொட்டு விடும்போது மூன்று எண்ணச் சொல்வாள், நான் இரண்டிலேயே விட்டுவிடுகிறேன், தினமும் சண்டை. 280 வெள்ளி விளக்கு வாங்கவில்லை.

துணைப்பாடத்தை சனிக்கிழமை காலையிலிருந்து ராத்திரி ஏழு மணிக்கு மாற்றியாயிற்று. பராமரிப்பு நிலையத்தில் கேட்டேன், நாலரைக்கு அரை மணி நேரம் வெளியே விடுகிறோம் என்றார்கள், மழை இல்லாவிட்டால். இங்கே மழை இல்லாத நாள் எது?

சின்னவனை பாலர் பள்ளியிலிருந்து நாலு மணிக்கு அழைத்துவருவது மாமியார். நேராக மேலே வராமல் மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்காரும்படி கேட்டுக்கொண்டேன். முதல் இரண்டு நாள் முனகினார். மூன்றாம் நாள் அங்கே இன்னொரு புளோக்கிலிருந்து வரும் ஒரு கும்பகோணத்துப் பாட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். இப்போது ஐந்தரைக்கு நான்தான் போன் செய்து மேலே கூப்பிட வேண்டியிருக்கிறது.

இன்று விடுப்பு, நானும் கீழே இருக்கிறேன். நல்ல மழை பெய்து இப்போது தூறல். வானம் முழுக்கச் சாம்பல் நிறம். அவன் குட்டையில் குதித்துக்கொண்டிருக்கிறான், மாமியார் அவனுக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறார். அவன் கண் உயரத்தில் போனைப் பிடித்துப் பார்த்தேன். குடைக்கு வெளியே 3,900. குடைக்கு அடியில் 1,300. இது கணக்கில் சேருமா அக்கா?

கண்ணாடிக்காரி

சேரும். குடையைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள்.